உலகமயமாக்கலால் அரசுகளின் பிடி தளர்ந்ததா, இறுகியதா?

கேள்வி:
உலகமயமாக்கல் வந்தபின் அரசுகள் பல் பிடுங்கிய பாம்பாகிவிட்டன என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. 2015 ஜூலையில் கிரீஸில், கடன் கொடுத்தவர்களின் நிபந்தனை வேண்டாம் என்று 61 சதவீதம் பேர் வாக்களித்தார்கள், ஆனால் பத்து நாளுக்குள் அதைவிடக் கடுமையான நிபந்தனைக்கு அந்த அரசு தலையாட்டியது. அப்படியென்றால் இறையாண்மை பெயருக்குத்தானா?

பதில் 1:
கிரீஸை வைத்து முடிவுக்கு வராதீர்கள், அவர்களிடம் சொந்த நாணயமே இல்லை. 1998இல் மலேசியா என்ன செய்தது? ஆசிய நிதி நெருக்கடியின்போது ஐஎம்எஃப் எனும் சர்வதேச நாணய நிதியத்தின் கடனுக்குப் போகாமல், பணம் வெளியே ஓடாதபடி கதவைச் சாத்திவிட்டு, தன் நாணயமான ரிங்கிட்டை டாலருக்கு 3.80 என்று கட்டிப்போட்டது. கதை முடிந்தது என்றார்கள், அடுத்த ஆண்டே வளர்ச்சி திரும்பியது.

பதில் 2:
இரண்டு பேருமே எல்லா அரசும் ஒரே எடை என்பதுபோலப் பேசுகிறீர்கள். உலகம் பின்னிக்கொண்டதில் முடிச்சு யார் கையில் சிக்கியதோ அவர்களுக்குப் பலம் கூடியது, மற்றவர்களுக்குக் குறைந்தது, அவ்வளவுதான். வங்கிகள் பணப் பரிமாற்றத் தகவல் அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பிலிருந்து 2012இல் ஈரான் வங்கிகளை வெட்டிவிட்டார்கள், எண்ணெய் விற்ற காசை வாங்கவே அந்த நாடு திண்டாடியது. அதிநுட்ப சிப் தயாரிக்கத் தேவையான, புற ஊதா ஒளியால் சிப்பில் சுற்று வரையும் இயூவி இயந்திரத்தை உலகத்திலேயே நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனம் மட்டும்தான் செய்கிறது. அமெரிக்கா கொடுத்த அழுத்தத்தில் அது சீனாவுக்குப் போகவே இல்லை. ஒவ்வொரு நாடும் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொண்டிருந்தால் இப்படியொரு ஆயுதமே இருந்திருக்காது.

கேட்டவர்:
சரி, கம்பெனிகள்? ஒரு நாட்டில் விற்று, வரி குறைவான இன்னொரு நாட்டில் லாபத்தைக் காட்டுகிறார்களே, அங்கே அரசு கையைப் பிசைந்துகொண்டுதானே நிற்கிறது?

பதில் 1:
அதற்காகத்தான் 2021இல் 130க்கும் மேற்பட்ட நாடுகள் 15 சதவீதக் குறைந்தபட்ச வரிக்கு ஒத்துக்கொண்டன. தனியாகப் பிடிக்க முடியாதவர்களைச் சேர்ந்து பிடிக்கலாம் என்று.

பதில் 2:
ஆமாம், அப்புறம் 2025 ஜனவரியில் அந்த உடன்பாடு தன்னைக் கட்டுப்படுத்தாது என்று அமெரிக்கா அறிவித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாடுகளின் வர்த்தகச் சண்டையில் கடைசித் தீர்ப்புச் சொல்லும் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமர்வும் 2019 டிசம்பரிலிருந்து முடங்கிக் கிடக்கிறது, புது உறுப்பினர்களை நியமிக்க விடாமல் தடுத்ததும் அதே நாடுதான்.