கூனைப்பூவின் உறுப்புகளுக்குத் தமிழ்ச்சொல்: மடல், குருத்து, தட்டு, சுணை

கோத்தகிரியிலிருந்து (தோட்டம்)

அனைவருக்கும் வணக்கம்.

ஆர்ட்டிசோக் (விரியாத பூமொக்கைக் காய்போல் சமைக்கும் செடி) பயிரிடுவோருக்கும் அதை வாங்கிச் சமைக்கும் தங்கும் விடுதிகளுக்கும் சேர்த்துத் தமிழில் ஒரு கையேடு தயாராகிறது. செடியின் பெயரில் எனக்குச் சண்டை இல்லை. இணையத்தில் ‘கூனைப்பூ’ புழங்குகிறது, மண்டிச் சீட்டில் ‘ஆர்ட்டிசோக்’. இரண்டும் இருக்கட்டும். உறுப்புகளுக்குத்தான் சொல் வேண்டும். ஆங்கிலத்தில் செடியின் இலையும் ‘லீஃப்’, மொக்கை மூடியிருக்கும் செதிலும் ‘லீஃப்’. நடுவே இருப்பது ‘ஹார்ட்’, அதற்குள் நிற்கும் மயிர் ‘சோக்’. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இலை, இதயம், மூச்சடைப்பு என்று வரும். எதைத் தின்பது, எதை எறிவது என்று சமைப்பவருக்கு விளங்காது.

செதிலுக்கு ‘மடல்’ என்று வைக்கலாம். வாழைப்பூவுக்கும் தாழைக்கும் சொல்வதுதான். உள்ளே நிற்கும் மயிருக்கு ‘சுணை’. நெல்லிலும் மூங்கிலிலும் கரும்புச் சோகையிலும் கையில் ஏறி அரிப்பதை அப்படித்தான் சொல்கிறோம். இச்சொல்லில் இன்னொரு வசதி, வினையோடு சேர்ந்து வரும்: ‘சுணை பிடித்த மொக்கு’, ‘சுணை பிடிக்காத மொக்கு’. அறுவடைக்கு இந்தப் பிரிவுதான் முக்கியம். நடுத்தண்டின் மொக்கு 8 முதல் 10 சென்டிமீட்டர் குறுக்களவில், மடல்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகியிருக்கும்போதே வெட்ட வேண்டும். கையில் வைத்து அழுத்தினால் ‘கீச்’ என்று சத்தம் வர வேண்டும். மடல் நுனி விரியத் தொடங்கிவிட்டால் உள்ளே சுணை முற்றி, சதை நாராகிவிட்டது என்று பொருள். நடுமொக்கை வெட்டிய பிறகு பக்கக் கிளைகளில் வரும் சின்ன மொக்குகளை 5 சென்டிமீட்டருக்குள் எடுத்தால் சுணையே இருக்காது, முழுதாகச் சமைக்கலாம்.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. மார்கழி, தையில் உறைபனி விழுந்தால் மடலின் மேல்தோல் வெளுத்து எழும்பி, பின் பழுப்பேறும். உள்ளே கெடுவதில்லை, தின்னலாம். வாங்குபவர் அதை அழுகல் என்று கழித்துவிடுகிறார். ‘பனிக்கருகல்’ என்று தனிப் பெயர் கொடுத்தால் விலை பேசும்போது உதவும். அழுகல் என்றால் அடியில் ஈரமாக, நாற்றத்தோடு வரும். மழைக்காலத்தில் மேட்டுப்பாத்தி இல்லாத இடத்தில் செடியின் அடித்தண்டையே தின்றுவிடும்.

உதகையிலிருந்து (சமையல்)

தம்பி, சுணைக்கு என் ஆதரவு. ஆனால் ‘ஹார்ட்’டையும் ‘பாட்ட’த்தையும் நீங்கள் பிரிக்கவில்லை. டப்பாவில் ‘ஹார்ட்’ என்று வருவது சின்ன மொக்கு. வெளிமடலை உரித்து நான்காக வகுந்திருப்பார்கள், இளமடலும் அடிச்சதையும் சேர்ந்தே இருக்கும். ‘பாட்டம்’ பெரிய மொக்கில் எல்லா மடலும் சுணையும் போனபின் மிஞ்சும் குழிந்த சதை. முதலாவதைக் ‘குருத்து’ என்போம், இரண்டாவதைத் ‘தட்டு’ என்போம். சமையலில் இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று ஆகாது. உள்ளே பூரணம் வைக்கத் தட்டுதான் வேண்டும், பஜ்ஜிக்குக் குருத்து.

கையேட்டில் சுத்தம் செய்யும் முறையை இந்தச் சொற்களிலேயே எழுதிப் பாருங்கள், சரியாக வருகிறதா என்று தெரிந்துவிடும். நான் எழுதிய வரைவு:

முதலில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஓர் எலுமிச்சம்பழம் பிழிந்து வைக்கவும். மொக்கைக் கால் மணி நேரம் உப்புத் தண்ணீரில் தலைகீழாக அமிழ்த்தினால் மடலிடுக்கில் உள்ள அசுவினிப் பூச்சியும் எறும்பும் வெளியேறும். காம்பை அடியோடு ஒட்ட வெட்டவும். வெட்டிய காம்பை எறிய வேண்டாம். நார்த்தோலைச் சீவினால் உள்ளே இருக்கும் வெளிர்ந்த தண்டு தட்டின் ருசியே. வெளிமடலை மூன்று நான்கு அடுக்கு, இளமஞ்சள் நிறம் தெரியும்வரை, பின்பக்கமாக ஒடித்து உரிக்கவும். மேல்பக்கம் மூன்றில் ஒரு பங்கை வெட்டி எறியவும். பிறகு கரண்டி விளிம்பால் சுணையைச் சுரண்டவும். ஒரு கீற்றுக்கூட மிஞ்சக்கூடாது, தொண்டையில் குத்தி நிற்கும். வெட்டிய ஒவ்வொரு துண்டும் உடனே எலுமிச்சைத் தண்ணீருக்குள் போக வேண்டும். முழுதாக வேகவைப்பதென்றால் சுணையை வெந்தபின் எடுப்பது எளிது, கரண்டி பட்டதும் மொத்தமாக வந்துவிடும்.

இரும்பு அரிவாள்மனை கூடாது, இரும்பு வாணலி, அலுமினியச் சட்டி கூடாது. வாழைப்பூவைப் போலவே கறுத்துவிடும். எவர்சில்வர் கத்தி, எவர்சில்வர் பாத்திரம்.

வேகும் நேரத்தைச் சமவெளிப் புத்தகத்தைப் பார்த்து எழுதிவிடாதீர்கள். உதகை 2,240 மீட்டர் உயரம், இங்கே தண்ணீர் 92, 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். கீழே 30 நிமிடம் என்றால் இங்கே 40, 45 ஆகும். குக்கரில் ஆவியில் வைத்தால் முதல் விசிலுக்குப் பின் சிறு தீயில் 10 முதல் 12 நிமிடம். நடு அடுக்கு மடலை இழுத்தால் தடையில்லாமல் கையோடு வர வேண்டும், அதுதான் பதம். வெந்த மடலின் அடிநுனியை உருக்கிய வெண்ணெயில் தோய்த்து, கீழ்ப்பல்லால் சதையை வழித்துத் தின்றுவிட்டு மீதியை வைத்துவிடுவது, முருங்கைக்காய்க்குச் செய்கிற மாதிரி. ‘மடலைச் சப்பவும், மெல்ல வேண்டாம்’ என்று ஒரு வரி கண்டிப்பாகப் போடுங்கள்.

பொரியலுக்கு 4 தட்டு, மெல்லிய வில்லைகளாக. கடுகு, உளுத்தம்பருப்பு, இரண்டு பச்சைமிளகாய் தாளித்து, வில்லையைப் போட்டு உப்பும் கையளவு தண்ணீரும் தெளித்து மூடி 10 நிமிடம், கடைசியில் மூன்று மேசைக்கரண்டி தேங்காய்த்துருவல். புளிக்குழம்பில் போடுவதானால் தனியே வேகவைத்து இறுதியில் சேர்க்கவும். புளி முதலிலேயே சேர்ந்தால் வேகாமல் விறைத்து நிற்கும்.

தின்றபின் குடிக்கும் தண்ணீர் பலருக்கு இனிக்கும். இதில் உள்ள சைனரின் என்னும் பொருள் நாக்கில் செய்யும் வேலை அது. 1972-இல் லிண்டா பார்ட்டோஷக் குழுவினர் ‘சயன்ஸ்’ இதழில் இதை எழுதியிருக்கிறார்கள். பந்தியில் ரசத்துக்கு முன் இதைப் பரிமாறினால் ரசம் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள், அதனால் கையேட்டில் இடம் கொடுங்கள்.

கொடைக்கானலிலிருந்து (தாவரவியல்)

அக்கா, தட்டு என்பதற்கு ஒரு தடை. பள்ளிப் பாடநூலில் அதற்குப் ‘பூத்தளம்’ என்ற சொல் உண்டு, மடலுக்குப் ‘பூவடிச்செதில்’ உண்டு. இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஆக்கினால் மாணவர் இரண்டையும் பொருத்திப் பார்க்கத் தவறுவார். கூனைப்பூ சூரியகாந்திக் குடும்பம், குசும்பாவுக்கு நெருங்கிய உறவு. நாம் காய் என்று வாங்குவது விரியாத பூத்தலை. சுணை என்று நீங்கள் சொல்வது வெறும் மயிர் அன்று. விரியாத நூற்றுக்கணக்கான சிறுபூக்கள், அவற்றின் தூவிமயிர், தளத்திலிருந்தே முளைத்த முட்கள் எல்லாம் சேர்ந்தது. அறுக்காமல் விட்டால் அதுதான் ஊதா நிறத்தில் விரியும். பூவைச் சுணை என்பது உறுத்துகிறது. வாழைப்பூவில் எடுத்தெறியும் நரம்பைக் ‘கள்ளன்’ என்கிறோமே, அதை இங்கே நீட்டிக்கலாமா?

‘சோக்’ என்பதை மூச்சடைப்போடு முடிச்சுப் போடுவது தவறு என்பதில் தம்பியோடு உடன்படுகிறேன். பெயரே அரபு ‘அல் கர்ஷூஃப்’ என்பதிலிருந்து ஸ்பெயின், இத்தாலி வழியாக உருமாறி வந்தது. கடைசி அசை தற்செயல்.

உதகையிலிருந்து

ஐயா, கள்ளன் ஒவ்வொரு பூவிலும் ஒன்று; விரலால் பறிப்பது. இது மொத்தமாக நிற்கிறது, கரண்டியால் சுரண்டுவது. கள்ளன் என்று எழுதினால் ஒவ்வொன்றாகத் தேடிப் பறிக்கப் போவார்கள். மாணவர் நூலில் பூத்தளமும் பூவடிச்செதிலும் இருக்கட்டும். அடுப்படிக்குத் தட்டும் மடலும் போதும். வாழைப்பூ மடலும் தாவரவியலில் பூவடிச்செதில்தானே? சமையலறையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

குன்னூரிலிருந்து (உணவியல்)

மடலையும் இலையையும் பிரிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் ருசி அன்று, உடல்நலம். கொழுப்பைக் குறைக்கும், கல்லீரலுக்கு நல்லது என்று மாத்திரைப் புட்டிகளில் வருவது செடியின் இலைச்சாறு. நாம் தின்னும் மொக்கு அன்று. அந்த இலைச்சாற்றின் மேல் நடந்த சோதனைகளும் சில. 2013-இல், மருத்துவச் சோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் தொகுப்பு மூன்றே சோதனைகளைத் தகுதியானவை என்று எடுத்தது. கொலஸ்ட்ரால் சற்றுக் குறைகிறது, உறுதியாகச் சொல்லச் சான்று போதாது என்று முடித்தது. இரண்டுக்கும் ‘இலை’ என்று கையேடு எழுதினால் மாத்திரையின் பேச்சு பொரியலின் மேல் ஏறிவிடும். ‘இதயம்’ என்ற மொழிபெயர்ப்பும் இதே கேடுதான்: ‘கூனைப்பூ இதயம்’ என்று படித்தவர் மாரடைப்புக்கு மருந்து என்று எடுத்துக்கொள்வார். குருத்து என்பதே சரி.

மொக்குக்குச் சொந்தமான நன்மையைச் சொன்னால் போதும், அதுவே நிறைய. பச்சையாக 100 கிராமில் நார்ச்சத்து 5.4 கிராம், ஃபோலேட் 68 மைக்ரோகிராம், பொட்டாசியம் 370 மில்லிகிராம், மெக்னீசியம் 60 மில்லிகிராம், ஆற்றல் 47 கலோரி. மாவுப்பொருளில் ஒரு பகுதி இனுலின் என்னும் நார்ச்சத்து. அது சிறுகுடலில் செரிக்காது, அதனால் சர்க்கரையை ஏற்றாது; பெருங்குடல் நுண்ணுயிர்கள்தாம் அதைத் தின்னும். அதனாலேயே பழக்கமில்லாதவருக்கு வயிறு உப்பும். முதல் முறை ஒரு மொக்கின் தட்டோடு நிறுத்தச் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் பொட்டாசியத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். பித்தக்கல், பித்தநாள அடைப்பு உள்ளவர் இலைச்சாறு, இலைத்தேநீர் பக்கம் மருத்துவரைக் கேட்காமல் போகக்கூடாது. செவ்வந்தி, சாமந்தி ஒவ்வாதவருக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம், ஒரே குடும்பம்.

டப்பாக் குருத்தில் உப்பு அதிகம், வடித்து இருமுறை அலசவும்.

கோத்தகிரியிலிருந்து

ஐயா ஒப்பினால் அடுப்படிப் பகுதியில் மடல், குருத்து, தட்டு, சுணை. பயிரியல் பகுதியில் பூவடிச்செதில், பூத்தளம். இலை என்றால் செடியின் இலை மட்டுமே. ‘எண்ணெயில் ஊறிய குருத்து’ என்று ஒரு பக்கம் இருந்தது. வெறும் எண்ணெயில் போட்டு அலமாரியில் வைக்கும் முறையை எடுத்துவிடுகிறேன். கூனைப்பூ புளிப்பில்லாதது, காற்றுப் புகாத எண்ணெய்க்குள் பாட்டுலிசம் நச்சுக் கிருமி வளரும். சரிபாதி வினிகர், தண்ணீரில் வேகவைத்து, சதைக்குள்ளும் புளிப்பு இறங்கி பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு) 4.6-க்குக் கீழே வந்ததைச் சோதித்து, பிறகும் குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

ஒன்று பாக்கி: ‘ஜெருசலேம் ஆர்ட்டிசோக்’. அதை என்ன செய்வது?

கொடைக்கானலிலிருந்து

ஒப்புகிறேன், தம்பி. சுணைக்குக் கீழே ‘விரியாத சிறுபூக்களும் தூவிமயிரும்’ என்று ஒரு வரி விளக்கம் மட்டும் சேருங்கள். ஜெருசலேம் ஆர்ட்டிசோக் சூரியகாந்தியின் உடன்பிறப்பு, வட அமெரிக்கச் செடி, தின்பது கிழங்கை. அதில் மடலும் இல்லை, சுணையும் இல்லை. ‘சூரியகாந்திக் கிழங்கு’ என்று எழுதி, கிழங்கு வகைகளோடு வையுங்கள்.