இரண்டு ஆட்டம் தோற்றுக் காட்டியவர்

அல்சூர்வாசி எழுதியது:

வெட்கத்தை விட்டுத்தான் எழுதுகிறேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை மூவாயிரத்து முந்நூறு ரூபாயைப் பூல் மேசையில் விட்டுவிட்டு வந்தேன். யாரும் பிடுங்கவில்லை, மிரட்டவில்லை. நானே பர்ஸைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன், அதுவும் சிரித்துக்கொண்டே.

பெங்களூர் அல்சூரில் ஒரு கட்டடத்தின் முதல் மாடி, ஆறு மேசைகள். தோற்றவர் மேசைக் காசு கொடுக்க வேண்டும் என்ற வழக்கமான ஏற்பாடு. அலுவலக நண்பன் வராததால் தனியாகப் பந்துகளைத் தட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் அம்மா அழைத்தார். பேசி முடித்து வைத்ததும், பக்கத்து நாற்காலியில் இருந்தவர், "தம்பிக்கு எந்த ஊர்?" என்றார். திண்டுக்கல் என்றேன். அவருக்கு ஒட்டன்சத்திரமாம். வாரம் முழுக்க அரைகுறைக் கன்னடத்தில் ஆட்டோக்காரரிடமும் வீட்டுக்காரரிடமும் மல்லுக்கட்டியவனிடம் யாராவது இப்படிக் கேட்டுவிட்டால் பாதிப் பூட்டு அப்போதே திறந்துவிடும்.

"கல்லூரியில் ஆடியது, இருபது வருடம் ஆகிவிட்டது" என்று சொல்லிச் சுவரில் சாய்ந்திருந்ததிலேயே கோணலான கியூவை, பந்தை அடிக்கும் கோலை, எடுத்தார். மேசைக் காசோடு நூறு ரூபாய் என்று அவர்தான் சொன்னார், சும்மா ஒரு சுவாரசியத்துக்காக. முதல் இரண்டு ஆட்டமும் எனக்கு. குழியின் வாயில் நின்ற பந்துகளைக்கூட அவர் தவறவிட்டார். ஒவ்வொரு முறையும் "அடடா" என்று நெற்றியில் தட்டிக்கொண்டார். எனக்கே பாவமாக இருந்தது.

பிறகு "கிளம்ப வேண்டும், கடைசியாக ஒன்று, ஐந்நூறு" என்றார். என் பந்துகள் இரண்டு மீதம் இருக்கும்போது கருப்புப் பந்தை உள்ளே தள்ளி ஜெயித்துவிட்டார். "குருட்டு அதிர்ஷ்டம் தம்பி, உங்கள் காசு எனக்கெதற்கு, ஆயிரத்துக்கு ஆடித் திருப்பிக்கொள்ளுங்கள்" என்றார். அதிலும் ஒரே ஒரு பந்து வித்தியாசம். அடுத்தது இரண்டாயிரம். கடைசியில் கீழே அய்யங்கார் பேக்கரியில் எனக்குக் காரா பன்னும் காபியும் வாங்கிக் கொடுத்தார். என் காசில் எனக்கே உபசாரம்.

ராத்திரி படுத்தபின்தான் ஒன்று உறைத்தது. அவர் தவறவிட்ட ஒவ்வொரு அடியிலும், அடுத்து நான் அடிக்க வேண்டிய வெள்ளைப் பந்து எங்கே போய் நின்றது? ஒன்று, மேசையின் ஓரத் தடுப்பான குஷனை ஒட்டி. இல்லையென்றால் அவருடைய பந்துக்குப் பின்னால். எனக்கு நேரான அடி கிடைக்கும் இடத்தில் அது ஒருமுறைகூட நிற்கவில்லை. ஆடத் தெரியாதவன் தவறினால் பந்து எங்கெங்கோ ஓடும். இவருடைய தவறுகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள். நான் மட்டும்தான் ஏமாளி என்ற எண்ணமாவது குறையட்டும்.

பழைய மார்க்கர் எழுதியது:

தம்பி, கண்டோன்மெண்ட் பக்கம் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தில் பதினெட்டு வருடம் மார்க்கராக இருந்தவன் நான். பந்து அடுக்குவது, ஸ்கோர் எழுதுவது, துணியைத் துலக்குவது எல்லாம் என் வேலை. உங்கள் ஒட்டன்சத்திரத்துக்காரரைப்போல் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

வெள்ளைப் பந்தைக் கவனித்தீர்களே, அது சரியான கண். இன்னொன்று சொல்கிறேன். அடிக்கும் கையைப் பார்க்காதீர்கள், மேசைமேல் ஊன்றும் கையைப் பாருங்கள். அடிக்கும் கையை வேண்டுமென்றே நடுங்க வைக்கலாம். ஊன்றும் கை பழகியவனுக்குத் தானாகவே பதிந்துவிடும். புதிதாக வருபவன் விரலை இரண்டு மூன்று முறை மாற்றி மாற்றி வைப்பான். நடிப்பவர்கள் இந்த ஒன்றை மறந்துவிடுகிறார்கள்.

ஒட்டிய பந்துப் பந்தயம் என்று ஒன்று உண்டு. இரண்டு பந்துகளை ஒன்றோடொன்று தொட வைப்பார்கள். இரண்டையும் சேர்க்கும் கோடு குழிக்குச் சற்று இடப்பக்கம் காட்டும். "இது குழிக்குப் போகுமா?" என்று கேட்டால் யாரும் போகாது என்றுதான் சொல்வார்கள், கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். பந்தயம் கட்டியவர் பின்பந்தின் இடப்பக்கத்தில் அடிப்பார். அது வலப்பக்கம் நகரும்போது உரசலில் முன்பந்தையும் கொஞ்சம் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். பந்து குழியில் விழும். உரசல் செய்கிற வேலை அது, கையில் மந்திரம் எதுவும் இல்லை.

எங்கள் கூடத்தில் நான்காம் மேசைக்கு ஒரு குணம் இருந்தது. துணிக்கு அடியில் இருக்கும் கல் நூல் அளவு சாய்ந்திருந்தது. வேகமாக அடித்தால் தெரியாது. மெதுவாக உருளும் பந்து கடைசி ஒரு சாணில் ஜன்னல் பக்க மூலைக்குத் திரும்பும். வாடிக்கையாக வருகிற நான்கு பேருக்கு இது தெரியும். புது ஆள் வந்தால் நான்காம் மேசைக்குத்தான் கூப்பிடுவார்கள். எனக்கும் தெரியும். சொல்லவில்லை. ஜெயித்தவர்தான் எனக்கு டிப்ஸ் கொடுப்பார்.

ஸ்னூக்கர் நம் நாட்டில் பிறந்த ஆட்டம் என்பது பலருக்குத் தெரியாது. 1875இல் ஜபல்பூரில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் மழைக்காலத்தில் பொழுது போகாமல், பணம் வைத்து ஆடிய பழைய ஆட்டங்களைக் கலந்து இதை உண்டாக்கினார்கள். பயிற்சிப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த, ஒன்றும் தெரியாத பையனை அவர்கள் கிண்டலாக அழைத்த பெயர்தான் ஸ்னூக்கர். ஆட்டத்தின் பெயரிலேயே ஏமாளி உட்கார்ந்திருக்கிறான் தம்பி.

பங்காரப்பேட்டைப் பயணி எழுதியது:

ஏமாற்றாமலே ஏமாற்றிய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

கோலார் தங்கச் சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28இல் மூடியபின் எங்கள் பக்கத்து ஆண்களில் பாதிப் பேருக்கு மாரிக்குப்பம் ரயில்தான் இரண்டாவது வீடு. காலையில் இருட்டோடு ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், ராத்திரி திரும்புவோம். நாலு பேர் எதிரெதிரே உட்கார்ந்து தொடைமேல் துண்டை விரித்தால் அதுதான் சீட்டு மேசை.

ஒருநாள் எங்கள் பெட்டியில் ஒருவர் கல்யாணப் பத்திரிகையை வெட்டிச் செய்த மூன்று அட்டைகளை எடுத்தார். ஒன்றுக்கு இரண்டு பக்கமும் குங்குமம் தடவியிருந்தார். இன்னொன்றுக்கு இரண்டு பக்கமும் மஞ்சள். மூன்றாவதற்கு ஒரு பக்கம் குங்குமம், மறுபக்கம் மஞ்சள். மூன்றையும் என் பைக்குள்ளேயே போடச் சொன்னார். நானே குலுக்கி, பார்க்காமல் ஒன்றை எடுத்துத் துண்டின்மேல் வைத்தேன். மேலே குங்குமம்.

"இது மஞ்சள்-மஞ்சள் அட்டை இல்லை, சரிதானே? அப்படியென்றால் மீதி இரண்டில் ஒன்று. பின்பக்கம் குங்குமமாக இருக்கலாம், மஞ்சளாகவும் இருக்கலாம். பாதிக்குப் பாதி. நான் மேலே தெரிகிற நிறம்தான் கீழேயும் என்கிறேன். நீங்கள் மற்ற நிறம். பத்து ரூபாய்."

பாதிக்குப் பாதி என்றுதான் எனக்கும் தோன்றியது. மாலூரில் தொடங்கி கண்டோன்மெண்ட் வருவதற்குள் முப்பது முறை ஆடினோம். நான் ஜெயித்தது பதினொன்று, அவர் ஜெயித்தது பத்தொன்பது. அட்டைகளை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன், முகர்ந்தும் பார்த்தேன். எந்தத் தில்லுமுல்லும் இல்லை.

கணக்கு வாத்தியாராக இருந்த என் சித்தப்பாதான் விளக்கினார். "அட்டையை எண்ணாதே, பக்கங்களை எண்ணு. குங்குமப் பக்கம் மொத்தம் மூன்று. நீ பார்ப்பது அந்த மூன்றில் ஏதோ ஒன்று. அதில் இரண்டுக்குப் பின்னால் குங்குமம், ஒன்றுக்குப் பின்னால்தான் மஞ்சள்." மூன்றுக்கு இரண்டு அவர் பக்கம். முப்பதில் இருபது முறை அவர் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில் பத்தொன்பதுதான் ஜெயித்தார் என்றால், அன்றைக்கு எனக்கு நல்ல நேரம் என்று அர்த்தம்.

ஸ்ரீராமபுரம் அக்கா எழுதியது:

அட்டைக்காரர் செய்தது ஏமாற்று இல்லை என்று யாராவது வாதாட வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். "பாதிக்குப் பாதி" என்று வாயால் சொன்னாரே, அங்கேயே பொய் வந்துவிட்டது. சும்மா அட்டையை நீட்டியிருந்தால் கணக்குப் புதிர் என்று விட்டுவிடலாம்.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். யுகாதியன்று சீட்டு ஆடுவது இந்தப் பக்கத்து வழக்கம். தமிழர்களான நாங்களும் மூன்று தலைமுறையாக அதில் கலந்துவிட்டோம். மறுநாள் ஹொசதொடகு, கறிச்சோறு. இரண்டு நாளும் என் மாமியார் வீட்டுக் கூடத்தில் ரம்மி ஓடும். பாயிண்ட்டுக்கு ஒரு ரூபாய். தோற்றால், எடுத்த எடுப்பிலேயே ஆட்டத்தை விட்டு இறங்கினால் இருபது, நடுவில் இறங்கினால் நாற்பது, முழுதாக மாட்டினால் எண்பது.

என் கணவரின் அத்தை மகனும் அவர் மனைவியும் வருவார்கள். எப்போதும் அவர் முன்னால், அவள் அடுத்து. அவர் இறக்கும் சீட்டை எடுக்கும் இடம் அவளுடையது. வருடாவருடம் அவள்தான் ஜெயிப்பாள், "கைராசி" என்று எல்லோரும் மெச்சுவார்கள். ஒருமுறை அவர் ஆர்ட்டின் ஏழை இறக்கினார், அவள் எடுத்தாள், அடுத்த சுற்றிலேயே ஷோ காட்டினாள். கணக்குக்காக எல்லோரும் கையை விரித்தபோது நான் பார்த்தேன். அவர் கையில் ஆர்ட்டின் ஆறும் இருந்தது, எட்டும் இருந்தது. ஆறு, ஏழு, எட்டு என்று ஜோக்கர் இல்லாமல் அமைந்த வரிசையை யாராவது தானே உடைத்து நடுச்சீட்டை வெளியே போடுவார்களா? அவள் கையில் மூன்று ஏழு.

அதற்குப்பின் காதையும் தீட்டிக்கொண்டேன். "புழுக்கமாக இருக்கிறது" என்று அவள் சொன்னால் அவர் ஆர்ட்டின் இறக்குவார். "காபி கிடைக்குமா அண்ணி?" என்றால் கிளாவர். அந்தக் காபியைப் போட்டுக்கொண்டு வருபவள் நான்!

கேட்டிருக்கலாமே என்பீர்கள். யாரிடம் கேட்பது? கேட்டால் "விளையாட்டுக்குத்தானே, இதற்குப் போய்..." என்பார்கள். மாமியார் முகம் சுருங்கும். அடுத்த வருடம் விசேஷத்துக்கு அவர்கள் வரவில்லையென்றால் பழி என்மேல் விழும். நாற்பது ரூபாய்க்கும் எழுபது ரூபாய்க்கும் ஒரு உறவை வெட்டிக்கொள்ள யாருக்கு மனம் வரும்? அந்தக் கணக்கை நன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் வந்து உட்காருகிறார்கள். சீட்டைவிட நம் முகதாட்சண்யத்தை நம்பித்தான் அந்த ஆட்டமே நடக்கிறது.

நான் செய்தது இவ்வளவுதான். அடுத்த யுகாதிக்கு, "சீட்டு வெட்டி இடம் பிடிப்போம், பெரிய சீட்டுக்காரர் முதலில்" என்றேன். குழந்தைகள் கை தட்டின. அவர் மேற்கே, அவள் கிழக்கே போய் விழுந்தார்கள். அன்று கைராசி வேலை செய்யவில்லை, காபியும் யாரும் கேட்கவில்லை. 1967இல் உச்ச நீதிமன்றமே ரம்மியைத் திறமை ஆட்டம் என்று சொல்லியிருக்கிறது. எந்தத் திறமை என்பதை எங்கள் கூடத்துக்கு வந்து பார்த்திருக்க வேண்டும்.

விவேக் நகர் எழுதியது:

கைபேசிச் செயலியில் ரம்மி ஆடியவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். அக்கா சொன்ன காபிகூட அங்கே தேவையில்லை. ஒரே அறையில் மூன்று பேர் மூன்று கைபேசியோடு உட்கார்ந்திருப்பார்கள், எங்கோ தனியாக ஆடும் நாலாவது ஆள் நான். 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்தபோது என் மனைவி கோயிலில் தேங்காய் உடைத்தாள்.

பழைய மார்க்கர் எழுதியது:

அக்காவுக்கு வணக்கம். நான்காம் மேசை விஷயத்தில் நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் அதற்கு முகதாட்சண்யம் என்று மரியாதையான பெயர் வைத்துக்கொள்ள மாட்டேன். காசு வந்தது, பேசாமல் இருந்தேன். ஒரே ஒரு நாள், கல்லூரிப் பையன் ஒருவன் பரீட்சைப் பணத்தை எடுத்து வைப்பதைப் பார்த்து, "தம்பி, அந்த மேசையில் விளக்கு சரியில்லை, இரண்டாவதுக்கு வா" என்றேன். விளக்கு நன்றாகத்தான் எரிந்தது. முதலாளி அன்று இரவே கூப்பிட்டு விசாரித்தார்.

அல்சூர்வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பக்கங்களை எண்ணச் சொன்ன சித்தப்பாவுக்குத் தனி வணக்கம். அட்டை வெட்டி என் அறை நண்பனிடம் ஆடிப் பார்த்தேன், இருநூறு ரூபாய் ஜெயித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நேற்று அதே கூடத்துக்குப் போனேன். ஆட இல்லை, மார்க்கர் ஐயா சொன்னதைக் கண்ணால் பார்க்கத்தான். அவர் இருந்தார், அதே கோணல் கியூ. எதிரே இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பையன், கழுத்தில் நிறுவன அடையாள அட்டைகூடக் கழற்றப்படவில்லை. அவர் குனிந்து இடது கையை ஊன்றினார். ஒரே ஊன்றல், விரல் அசையவில்லை. பிறகு அடி தவறியது. வெள்ளைப் பந்து உருண்டுபோய்க் குஷனை ஒட்டி நின்றது. "அடடா" என்று நெற்றியில் தட்டிக்கொண்டார்.

அப்போது என்னைப் பார்த்துவிட்டார். எழுந்து நழுவுவார் என்று நினைத்தேன். முகமெல்லாம் மலர, "வாருங்கள் தம்பி!" என்று தோளில் கை போட்டுப் பையனிடம் அழைத்துப் போனார். "என் ஆட்டம் எப்படி என்று இவரைக் கேளுங்கள். திண்டுக்கல்காரர். போன மாதம் வரிசையாக இரண்டு ஆட்டம் என்னைத் தோற்கடித்தவர்."

பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "உண்மையா அண்ணா?"

"உண்மைதான்" என்றேன்.