பாஞ்சோ கெளுத்தி: தமிழில் எப்படி அழைப்பது?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

தென்னமெரிக்க நன்னீர் மீன்கள் பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். அமேசான் ஆற்றுப்படுகையின் ‘பாஞ்சோ கெளுத்தி’யில் வந்து நின்றுவிட்டேன். 1874இல் அமெரிக்க விலங்கியலாளர் கோப் விவரித்த இவ்வினத்தின் அறிவியற்பெயர் பியூனோசெபாலஸ் கோரகாய்டியஸ். பகலெல்லாம் மக்கிய சருகுகளுக்கிடையே தானும் ஒரு சருகாகக் கிடந்து, இருட்டிய பிறகே இரை தேடப் புறப்படும். கையில் எடுத்தாலும் செத்ததுபோல அசையாமல் இருக்கும். அகன்று தட்டையான தலையும், சட்டென ஒடுங்கி நீளும் வாலும் பாஞ்சோ என்னும் நரம்புக்கருவியை ஒத்திருப்பதால் அப்பெயர் வந்தது. அக்கருவியையே பார்த்திராத வாசகருக்கு இப்பெயர் எதைக் காட்டும்? ‘இரவாடி’ என்ற சொல்லில் எனக்குச் சிக்கல் இல்லை, பெயர்தான் வேண்டும்.

*

ஐயா, ‘யாழ்க்கெளிறு’ என்க. பொருநராற்றுப்படை யாழின் ஒலிப்பெட்டியாகிய பத்தலைக் ‘குளப்புவழி அன்ன கவடுபடு பத்தல்’ என்று, மான்குளம்பு பதிந்த தடத்தைப்போல் நடு உயர்ந்து இருபுறமும் தாழ்ந்ததாகக் காட்டுகிறது. பியூனோசெபாலஸ் என்பதற்கும் கிரேக்கத்தில் ‘மேட்டுத்தலை’ என்றே பொருள். இவ்வளவு பொருத்தம் தானாக வாய்த்திருக்கும்போது வேறெங்கும் தேட வேண்டியதில்லை. ‘கெளுத்தி’ பேச்சுவழக்கு, ஐங்குறுநூற்றிலேயே ‘கெடிறு’ இருக்க, கெளிறு என்பதே செவ்விய வடிவம்.

*

பத்தலின் பொருத்தம் அழகாகவே இருக்கிறது. ஆனால் யாழின் தண்டாகிய கோடு வளைந்தது, இம்மீனின் வாலோ நேரானது. பழம்பாடல் தெரிந்தவர் வளைந்த வாலைக் கற்பனை செய்வார், தெரியாதவர் எதையுமே கற்பனை செய்யமாட்டார். ‘அகப்பைக் கெளுத்தி’ எனில் சிறுவனுக்கும் உருவம் விளங்கும். அகப்பை குழிந்தது, தலை தட்டையானது என்ற தடையை நானே எழுப்பி, ‘துடுப்புக் கெளுத்தி’ என்றும் எழுதிப் பார்த்தேன். மீனுக்குத் துடுப்பு என்றாலே வேறு பொருள் என்பதால் உடனே அடித்துவிட்டேன். கெளிறு என்றால் அடிக்குறிப்பு வேண்டும், கெளுத்திக்கு வேண்டாம்.

*

வடிவத்தை விடுத்துத் தோலைப் பாருங்கள். லின்னேயசு 1758இல் இக்குடும்பத்து மீன் ஒன்றுக்கு ‘ஆஸ்ப்ரீடோ’ எனப் பெயரிட்டார். இலத்தீனில் அதற்குச் சொரசொரப்பு என்று பொருள். உடல் நெடுக வரிசையாகக் கரணைகள், அதாவது சிறு புடைப்புகள், உண்டு. மேற்றோலை அவ்வப்போது பாம்பு சட்டை உரிப்பதுபோல உரித்துவிடும். எனவே ‘சொறிக்கெளுத்தி’ என்பதே என் பரிந்துரை. செவுள்வழி நீரைப் பீய்ச்சி நகரும் முறைக்குப் ‘பீற்றுந்தல்’ எனலாம்.

*

சொறிமீன் என்ற பெயரை இழுதுமீன் (ஜெல்லிமீன்) ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டதே, ஐயா! அதோடு, நோய் பிடித்த கெளுத்தி என்றுதான் படிப்பவர் நினைப்பார். பீற்றுந்தல் இலக்கணப்படி சரியே. ஆயினும் ஒரே ஒரு முறை வரும் செய்திக்குப் பெயர்ச்சொல் எதற்கு? ‘வாயில் வாங்கிய நீரைப் பிளவுபோல் குறுகிய செவுள்திறப்புகள் வழியே பீய்ச்சி முன்னே தாவுகிறது’ என்று எழுதினால் போதும்.

*

அனைவருக்கும் நன்றி. எல்லோர் கருத்தையும் எடைபோட்டு ‘அகப்பைக் கெளுத்தி’ என்றே எழுதி, அருகில் பாஞ்சோ கெளுத்தி என்றும் சேர்த்து அனுப்பிவிட்டேன். குடும்பப் பெயரை மட்டும் ஒலிபெயர்ப்பாகவே விட்டிருக்கிறேன். முட்டைகளை வயிற்றின் அடியில் ஒட்டிச் சுமக்கும் பெண்மீன்களை வைத்து ‘முட்டைசுமப்பி’ என்று தனிமடலில் ஒருவர் எழுதியிருந்தார். அவ்வழக்கம் ஆஸ்ப்ரீடோவுக்கு உண்டு, நம் கோரகாய்டியசுக்கு இல்லை.

*

அச்சுக்குப் போகுமுன் ஒன்று மட்டும்: அகப்பை இருக்கட்டும், கெளுத்தியைக் கெளிறாக்க இன்னும் காலம் இருக்கிறதா?