மணலி யார்டு + ஏடபிள்யூஎஸ் + அஷ்யூர்: மூணுக்கும் ஒரே பிளாட்ஃபார்ம் எது?

கேட்_நம்பர்_4:
வணக்கம். மணலி பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டோட கேட் அப்ளிகேஷன்.

யார்டு ஆபீஸ்ல 3 சர்வர், ஒவ்வொண்ணும் 16 கோர், 64 ஜிபி, ஆர்கேஇ2 ஓடுது (ரேன்ச்சரோட குபெர்னெட்டிஸ், அதாவது பல சர்வர்ல அப்ளிகேஷன்களை ஓட்டிப் பார்த்துக்குற மென்பொருள்). கஸ்டமர் போர்ட்டல் அமேசான் கிளவுட் ஏடபிள்யூஎஸ் மும்பைல, அவங்க குபெர்னெட்டிஸ் ஈகேஎஸ். பில்லிங் மைக்ரோசாஃப்ட் கிளவுட் அஷ்யூர் சவுத் இந்தியால, அவங்க குபெர்னெட்டிஸ் ஏகேஎஸ். மொத்தம் 40 சர்வீஸ், பார்த்துக்க ரெண்டே பேர்.

மேனேஜ்மென்ட் ஓபன்ஷிஃப்ட் (ரெட் ஹாட்டோட குபெர்னெட்டிஸ் பிளாட்ஃபார்ம்) வாங்கலாம்னு சொல்றாங்க. எல்லா இடத்தையும் ஒரே ஸ்க்ரீன்ல மேய்க்கிற டூல்கள் ரேன்ச்சர், அஷ்யூர் ஆர்க் ரெண்டும் லிஸ்ட்ல இருக்கு. மூணு இடத்தையும் ஒரே கிளஸ்டரா (ஒண்ணா ஓடுற சர்வர் கூட்டமா) இணைச்சா வேலை மிச்சமாகுமா? இன்னொண்ணு, விபிஎன் வழியா யார்டுலேர்ந்து பில்லிங்குக்குச் சின்ன ரிக்வெஸ்ட் போகுது, கேட் போட்டோ அனுப்பினா அப்படியே தொங்குது. கேட் நின்னா எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு வரைக்கும் லாரி வரிசை கட்டிடும்.

ராயபுரம்_ரூட்:
ஒரே கிளஸ்டர் வேணவே வேணாம் ப்ரோ. எட்சிடி (கிளஸ்டரோட நிலையை வெச்சிருக்குற டேட்டாபேஸ்) மூணு மெம்பர்ல ரெண்டு பேர் பேசிக்கிட்டாத்தான் ஓடும். லீடர் மெம்பர் அனுப்புற ஹார்ட்பீட் டீஃபால்ட் 100 மில்லிசெகண்ட், எலெக்‌ஷன் டைம்அவுட் 1000, அதுக்குள்ள ஹார்ட்பீட் வரலைன்னா புது லீடரைத் தேடும். இடத்துக்கு ஒண்ணா வெச்சுட்டு யார்டு லைன் அறுந்தா, மணலி மெம்பர் தனியா நிக்கும். ஓடுற பாட் (சர்வீஸ் ஓடுற கண்டெய்னர் பொட்டலம்) ஓடும், ஆனா விழுந்ததை வேற நோடுக்கு (சர்வருக்கு) மாத்த ஆள் இல்ல. அந்தப் பக்கம் மெஜாரிட்டி இருக்கே, அது 300 செகண்ட் பார்த்துட்டு கேட் பாடை மும்பைல எழுப்பிடும். மும்பைல பூம் பேரியர் ஏது, கேமரா ஏது? லைன் திரும்ப வர்ற வரைக்கும் ரெண்டு பக்கமும் ஒரே சர்வீஸ் ஓடிட்டு இருக்கும், டேட்டா நாறிடும்.

இடத்துக்கு ஒரு கிளஸ்டர், மேல ஒரு மேலாண்மை. அவ்ளோதான்.

கொருக்குப்பேட்டை_குபெ:
ஓபன்ஷிஃப்ட் நல்ல சரக்குதான், ஆனா ரெண்டு பேருக்கு இது யானை. சந்தா 2 கோர் அல்லது 4 விசிபியு (விர்ச்சுவல் சிபியு) கணக்குல வரும். கன்ட்ரோல் பிளேன் நோடு (கிளஸ்டரை ஆட்டி வைக்கிற சர்வர்) ஒண்ணுக்கே குறைஞ்சது 4 விசிபியு, 16 ஜிபி. அதைவிடப் பெரிய வேலை, டீஃபால்ட்டா அது பாடை ரூட்டா (முழு அதிகார யூசரா) ஓட விடாது, தன்னிஷ்டத்துக்கு ஒரு யூசர் ஐடி கொடுக்கும். 40 இமேஜ்ல (கண்டெய்னரை எழுப்புற மூலக் கட்டு) எத்தனை ரூட்டை நம்பி எழுதினதுன்னு எண்ணிப் பாருங்க. எழுதுற ஃபோல்டரையெல்லாம் குரூப் 0-க்கு மாத்தி, ஓனருக்கு உள்ள பர்மிஷனை குரூப்புக்கும் கொடுத்து, இமேஜை மறுபடி கட்டணும்.

ஆர்க்ல இணைக்கிறது இலவசம், ஜிட்ஆப்ஸுக்கு (கிட்ல இருக்கிற செட்டிங்கைத் தானா கிளஸ்டர்ல போடுறது) விசிபியு கணக்குல காசு.

ஏற்கெனவே ஆர்கேஇ2 இருக்கிறதால என் ஓட்டு ரேன்ச்சருக்கு. ஏஜென்ட் யார்டுலேர்ந்து வெளிய 443-ல போய் ரேன்ச்சர் சர்வரைப் பிடிச்சுக்கும், யார்டுக்கு பப்ளிக் ஐபி தேவையில்ல. கவனிக்க வேண்டியது மூணு.

ரேன்ச்சர் சர்வரை யார்டு கிளஸ்டர்ல போடாதீங்க. மும்பைல தனியா 3 நோடு கே3எஸ் (எடை குறைஞ்ச குபெர்னெட்டிஸ்), ஸோனுக்கு (தனித்தனி டேட்டா சென்டருக்கு) ஒண்ணு.

ரேன்ச்சர் விழுந்தாலும் கிளஸ்டர்கள் ஓடும். ஆனா அதுல டவுன்லோட் பண்ற குபெகான்ஃபிக் (கிளஸ்டருக்குள்ள போற லாகின் ஃபைல்) அது வழியாத்தான் போகும், அது விழுந்தா நீங்க கதவுக்கு வெளிய. ஆர்கேஇ2-க்கு ஆத்தரைஸ்டு கிளஸ்டர் எண்ட்பாயின்ட்டை (ரேன்ச்சர் இல்லாம நேரா உள்ள போற வழி) ஆன் பண்ணுங்க, மத்த ரெண்டுக்கும் அந்தந்த கிளவுட் குபெகான்ஃபிக்கைத் தனியா வெச்சிருங்க.

மூணாவது வெர்ஷன். ஈகேஎஸ்ல ஒரு வெர்ஷனுக்கு 14 மாசம்தான் வழக்கமான சப்போர்ட். தாண்டினா கிளஸ்டருக்கு மணிக்கு 0.10 டாலர் 0.60 ஆகும். ரேன்ச்சர் சப்போர்ட் பண்ற வெர்ஷனைப் பார்த்து, முதல்ல ரேன்ச்சர், அப்புறம் கிளஸ்டர்.

ராயபுரம்_ரூட்:
ஒண்ணு விட்டுட்டேன். யார்டு பாட்கள்ல இமேஜ் புல் பாலிசி (இமேஜை ரெஜிஸ்ட்ரிங்கிற கிடங்குலேர்ந்து எப்போ எடுக்கணும்ங்கிற செட்டிங்) ‘ஆல்வேஸ்’னு இருந்தா மாத்துங்க. டேக் ‘லேட்டஸ்ட்’னு விட்டாலே அது ஆல்வேஸ்தான். லைன் இல்லாத நேரத்துல பாட் ரீஸ்டார்ட் ஆனா, இமேஜ் நோடுலேயே இருந்தாலும் ரெஜிஸ்ட்ரியைக் கேட்கும், கிடைக்காம இமேஜ்புல்பேக்ஆஃப்ல உட்காரும். யார்டுக்குள்ளேயே ஒரு ஹார்பர் (துறைமுகம் இல்ல, இமேஜ் ரெஜிஸ்ட்ரி மென்பொருள்) போட்டு மிரர் ஆக்கிடுங்க.

வடசென்னை_விபிஎன்:
போட்டோ தொங்குறது எம்டியு (ஒரு பாக்கெட்டோட உச்ச சைஸ்) பிரச்சினை சார். விஎக்ஸ்லேன்ல (நோடுகளுக்கு நடுவுல பாட் நெட்வொர்க்) பாடோட எம்டியு 1450. விபிஎன் டன்னல்ல அது நுழையாது. பாக்கெட்ல ‘உடைக்காதே’ கொடி இருக்கிறதால, ரவுட்டர் ‘பெருசு, சின்னதா அனுப்பு’ன்னு ஐசிஎம்பி (நெட்வொர்க் பிழைத் தகவல்) அனுப்பும். ஃபயர்வால்ல ஐசிஎம்பியை அடைச்சிருப்பீங்க. அனுப்பினவனுக்குத் தகவலே போகல, அதே சைஸை அனுப்பிக்கிட்டே இருக்கான்.

அந்தக் கொடியோட 1372 பைட் பிங் போட்டுப் பாருங்க, 28 ஹெட்டர் சேர்த்து 1400. போகலைன்னா 1322.

அப்புறம் யார்டு லேன் ரேஞ்ச் என்ன? ஏகேஎஸ் சர்வீஸ் சிஐடிஆர் (சர்வீஸ்களுக்கு ஒதுக்கின ஐபி ரேஞ்ச்) டீஃபால்ட் 10.0.0.0/16.

கேட்_நம்பர்_4:
1372 போகல, 1322 போகுது. லேன் 10.0.0.0/24.

வடசென்னை_விபிஎன்:
அப்போ பாதைக்கு 1350-னு வெச்சுக்கலாம். விபிஎன் ரவுட்டர்ல டிசிபி எம்எஸ்எஸ்ஸை (பாக்கெட்ல டேட்டாவோட உச்ச சைஸ்) 1310-க்கு கிளாம்ப் பண்ணுங்க (மேல போகாம பிடிங்க), ஐபி 20 + டிசிபி 20 கழிச்ச கணக்கு. ஐசிஎம்பி டைப் 3 கோட் 4-ஐயும் திறந்து விடுங்க.

லேன் மோதுது சார். ஏதோ ஒரு சர்வீஸுக்கு யார்டு மெஷினோட ஐபியே விழற வரைக்கும் எல்லாம் ஓடுற மாதிரிதான் தெரியும். டீஃபால்ட்டா விட்டிருந்தா அங்க டிஎன்எஸ் (பேரை ஐபியா மாத்துற சர்வீஸ்) 10.0.0.10. உங்க லேன்ல அந்த நம்பர் யாருக்கு?

சர்வீஸ் சிஐடிஆரை அப்புறம் மாத்த முடியாது, கிளஸ்டரைப் புதுசா கட்டணும். இல்லைன்னா யார்டு லேனை 192.168-க்கு மாத்துங்க. 50 மெஷின்னா ரெண்டாவதுதான் மலிவு. பின்னாடி கிளஸ்டர்களை நேரடியா கோக்கணும்னா, பாட் ரேஞ்சும் மோதக்கூடாது. ஆர்கேஇ2, கே3எஸ் ரெண்டுக்குமே டீஃபால்ட் 10.42.0.0/16.

கேட்_நம்பர்_4:
கிளாம்ப் போட்டாச்சு, போட்டோ போகுது. 10.0.0.10 வேபிரிட்ஜ் (லாரி எடை மேடை) கம்ப்யூட்டர். பில்லிங்குக்கு எடை ஏன் வரமாட்டேங்குதுன்னு இப்போ புரியுது.