கார்டிங்ல ஒரே ஒரு அக்கா: சர்வே முடிவை எப்படிப் பிரிச்சுக் காட்டறது?

ஓமலூர் மில் ஹெச்ஆர்:

வணக்கம்ங்க. ஓமலூர் தாண்டி ஒரு ஸ்பின்னிங் மில்லுல ஹெச்ஆர்ல இருக்கேன். போன மாசம் முதல் தடவையா தொழிலாளர்கள்கிட்ட சர்வே எடுத்தோம். 24 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 1-ல இருந்து 5 வரைக்கும் டிக். பேர் எழுத வேண்டாம். செக்ஷன், ஆணா பெண்ணா, வயசு, எத்தனை வருஷ சர்வீஸ், உள்ளூரா வெளி மாநிலமா, இந்த அஞ்சு மட்டும். 468 பேர்ல 380 பேர் போட்டுக் கொடுத்தாங்க. எம்.டி.க்கு ஒரே சந்தோஷம்.

"எல்லாத்தையும் பிரிச்சுக் காட்டும்மா"ன்னார். எக்ஸெல்ல பிவட் டேபிள் போட்டு, சிவப்பு மஞ்சள் பச்சை அடிச்சு வெச்சேன். "சூப்பர்வைசர் நான் சொல்றதைக் காது கொடுத்துக் கேக்கறார்"ங்கற கேள்விக்கு 4 இல்லன்னா 5 போட்டவங்க: ஆம்பளைங்க 200 பேர்ல 136, அதாவது 68 சதவீதம். பொம்பளைங்க 180 பேர்ல 93, அது 52 சதவீதம். ஜி.எம். பாத்த உடனே "இவங்களுக்கு எப்பவும் ஏதாவது குறை"ன்னார். எம்.டி. பெண்களுக்கு மட்டும் தனியா ஒரு மோட்டிவேஷன் கிளாஸ் வைக்கலாம்ங்கறார். சேலத்துல ஒருத்தர் நல்லாப் பேசுவாராம்.

இன்னொரு விஷயம்தான் எனக்கு உறுத்துது. பஞ்சைச் சீவற கார்டிங் செக்ஷன்ல 34 பேர் போட்டாங்க, அதுல பெண் ஒரே ஒரு அக்கா. நான் டேபிள் போட்டுட்டு இருக்கறப்ப கார்டிங் மேஸ்திரி பின்னாடி வந்து நின்னுட்டு, "அந்தக் கட்டத்தைக் கொஞ்சம் பெருசு பண்ணுங்க மேடம்"ன்னார். லேப்டாப்பை மூடிட்டேன்.

அந்த ஒரு கட்டத்தை மட்டும் அழிச்சுட்டுக் கொடுத்தாப் போதுமா? 52, 68-னு நான் போட்டது சரியா? திங்கட்கிழமை மீட்டிங் இருக்கு.

அஸ்தம்பட்டி வாத்தியார்:

அம்மா, லேப்டாப்பை மூடினது சரி. கட்டத்தை அழிச்சாப் போதாது. கார்டிங் மொத்தச் சராசரி 3.50-னும், கார்டிங் ஆண்கள் சராசரி 3.58-னும் நீங்க காட்டறதா வெச்சுக்குவோம். 34-ஐ 3.50-ஆல பெருக்கினா 119. 33-ஐ 3.58-ஆல பெருக்கினா 118 சொச்சம். மிச்சம் 1. அந்த அக்கா 1 போட்டிருக்காங்கன்னு மேஸ்திரி செல்போன் கால்குலேட்டர்லயே கண்டுபிடிச்சுருவார். அதனால ஒரு கட்டத்தை மறைச்சா, கழிச்சுப் பாக்க இடம் கொடுக்கற பக்கத்துக் கட்டத்தையும் சேர்த்து மறைக்கணும். கார்டிங்கை ஆண் பெண்ணுன்னு பிரிக்கவே பிரிக்காதீங்க. குறைஞ்சது 5 பேர் இல்லாத பிரிவைக் காட்டாம விடறது பொதுவான வழக்கம். 10-னு வைக்கறவங்களும் உண்டு. மேஸ்திரியே பின்னாடி வந்து நிக்கற இடத்துல நான் 10-னு வைப்பேன்.

இரண்டாவது, 52-ம் 68-ம் கூட்டல் கழித்தல்ல சரிதான். ஆனா அது ஆண் பெண் வித்தியாசமா, செக்ஷன் வித்தியாசமா? பெண்கள் பெரும்பாலும் ஸ்பின்னிங்லதானே? ஸ்பின்னிங்கைத் தனியா, மத்ததைத் தனியா வெச்சு ஆண் பெண் எண்ணிக்கையைப் போடுங்க பாப்போம்.

ஏற்காடு காப்பி:

எங்க எஸ்டேட்ல மொத்தமே 38 பேர். நானும் ஒரு தடவை வயசு வாரியாப் பிரிச்சேன். 60 தாண்டினவங்க மூணு பேர், அதுல ரெண்டு பேர் புருஷன் பொண்டாட்டி. "எஸ்டேட் வீடு சரியில்லை"ன்னு 67 சதவீதம் வந்துச்சு. அந்த 67 சதவீதம் சாயங்காலம் டீ குடிக்க என் வீட்டுத் திண்ணைக்கே வந்து நேர்லயும் சொல்லிருச்சு.

ஓமலூர் மில் ஹெச்ஆர்:

வாத்தியார் ஐயா, எடுத்துட்டேன். ஸ்பின்னிங்: பெண்கள் 150 பேர்ல 69, ஆண்கள் 50 பேர்ல 22. ப்ளோரூம், கார்டிங், பேக்கிங், மெயின்டனன்ஸ் எல்லாம் சேர்த்து: பெண்கள் 30 பேர்ல 24, ஆண்கள் 150 பேர்ல 114. ரெண்டு தடவை சரிபார்த்தேன்.

அஸ்தம்பட்டி வாத்தியார்:

பாத்தீங்களா? ஸ்பின்னிங்ல பெண்கள் 46, ஆண்கள் 44. மத்த செக்ஷன்ல பெண்கள் 80, ஆண்கள் 76. ரெண்டு பக்கமும் பெண்கள் ஒரு படி மேலதான். சேர்த்துப் பாத்தா மட்டும் 16 புள்ளி கீழ! குறை இருக்கற செக்ஷன்ல அவங்க கூட்டமா இருக்கறதுதான் காரணம்.

இது பழைய கதை. 1973-ல அமெரிக்காவுல பெர்க்லி பல்கலைக்கழக மேற்படிப்புக்கு விண்ணப்பிச்ச ஆண்கள்ல 44 சதவீதம் பேருக்கு இடம் கிடைச்சுது, பெண்கள்ல 35 சதவீதம் பேருக்குத்தான். துறை துறையாப் பிரிச்சுப் பாத்தா பெண்களை ஒதுக்கின தடயமே பெருசா இல்லை. இடம் கிடைக்கறது கஷ்டமான துறைகளுக்குப் பெண்கள் அதிகமா விண்ணப்பிச்சிருந்தாங்க. 1975-ல சயன்ஸ் பத்திரிகையில வந்த ஆய்வு. சிம்சன் முரண்னு என் பசங்களுக்கு வருஷா வருஷம் நடத்துவேன். வருஷா வருஷம் பரீட்சையில தப்பா எழுதுவாங்க.

அந்தக் கலர் அட்டையையும் நம்பாதீங்க. 24 கேள்வி, 5 வகைப் பிரிவு, ஆக 120 ஒப்பீடு. நிஜத்துல ஒரு வித்தியாசமும் இல்லாட்டியும், நூத்துக்கு அஞ்சு தற்செயலா விழும்னு வெச்சா ஆறு இடத்துல சும்மாவே சிவப்பு விழும்.

முன்னாள் சைடர்:

நான் எட்டு வருஷம் ரிங் பிரேம்ல, அதாவது நூல் நூக்கற மெஷின்ல, அதைப் பாத்துக்கற சைடரா இருந்தவ, இந்த மில்லு இல்ல, வேற. வாத்தியார் கணக்கு எனக்குப் புரிஞ்சுது. செக்ஷன்தான் காரணம்னு சொல்லி முடிச்சிராதீங்க. எங்களை யாரு ஸ்பின்னிங்ல போட்டது? இழை அறுந்தா முடிய பொம்பளை விரல்தான் லாயக்குன்னு சொல்லி, சேர்ந்த அன்னிக்கே அங்கதான் அனுப்புவாங்க. பேக்கிங்குக்கு மாத்துங்கன்னு நான் மூணு தடவை கேட்டேன்.

அப்புறம் மேடம், ரிங் பிரேம் ஓடறப்ப அங்க நின்னு பேசிப் பாத்திருக்கீங்களா? காதுகிட்ட வாயை வெச்சுக் கத்தணும். "காது கொடுத்துக் கேக்கறார்"னு கேட்டா, அவருக்குக் கேட்டுச்சான்னே எங்களுக்குத் தெரியாது.

எங்ககிட்டயும் ஒரு தடவை ஃபாரம் கொடுத்தாங்க. முழு நைட் முடிஞ்சு கேட்டுல நிக்க வெச்சுக் கொடுத்தாங்க. ஜலகண்டாபுரம் பஸ் கெளம்பிருமேன்னு எல்லாத்துக்கும் 3 போட்டுட்டு ஓடினேன். பேர் வேண்டாம்னுதான் சொன்னாங்க. வயசு, செக்ஷன், சர்வீஸ், ஊரு எல்லாம் எழுதின பிறகு பேர் வேற எதுக்கு?

ஓமலூர் மில் ஹெச்ஆர்:

அக்கா, நீங்க 3 போட்ட கதையைப் படிச்சதும் எந்திரிச்சுப் போய் ஃபாரக் கட்டைப் பிரிச்சேன். இதுவரைக்கும் எக்ஸெல்லதான் பாத்தேன், காகிதத்தைப் பாக்கல. டேட்டா என்ட்ரி வேற ஆளு.

ஹாஸ்டல் பொண்ணுங்க ஃபாரம்ல 22-ல எல்லாக் கேள்விக்கும் 5. 22-லயும் ஒரே பச்சை மை. டிக் எல்லாம் ஒரே மாதிரி, வால் மேல நீண்டு பக்கத்துக் கட்டம் வரைக்கும் போகுது. யாரோ ஒருத்தர் உக்காந்து மொத்தமாப் போட்டிருக்காங்க. யாருன்னு நான் இங்க சொல்லல, ஹாஸ்டல்ல பச்சைப் பேனா வெச்சிருக்கறவங்க ஒருத்தர்தான். அந்தப் பொண்ணுங்க ஒடிசாவுல இருந்து வந்தவங்க, தமிழ் ஃபாரத்தைக் கொடுத்தது என் தப்பு.

ஐயா, அந்த 22-ஐ எடுத்துட்டா உங்க கணக்கே மாறுதுங்க. ஸ்பின்னிங் பெண்கள் 128 பேர்ல 47. அது 37 சதவீதம். ஆண்கள் 44-லயே நிக்கறாங்க.

அஸ்தம்பட்டி வாத்தியார்:

மாறட்டும்மா. நான் காகிதத்தைக் கேட்டிருக்கணும், கேக்காம கணக்கு போட்டுட்டேன். அந்த 50 ஆண்கள்ல ஒரு ஆள் மாறினாலே 2 சதவீதம் நகரும், அதனால 37-க்கும் 44-க்கும் நடுவுல பெருசா அடிச்சுச் சொல்லாதீங்க. ஸ்பின்னிங்ல ரெண்டு பேருக்குமே பாதிக்குக் கீழன்னு மட்டும் சொல்லுங்க. அதுவே ஜி.எம். வாயை அடைக்கும்.

ஓமலூர் மில் ஹெச்ஆர்:

மீட்டிங்கை வியாழக்கிழமைக்குத் தள்ளச் சொல்லிட்டேன். எம்.டி. முகம் சரியில்லை. மோட்டிவேஷன் ஆளுக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டாராம், அது அவர் பாடு. சர்வேயை மறுபடி எடுக்கறோம். வயசு, சர்வீஸ் ரெண்டையும் ஃபாரத்துல இருந்து தூக்கிட்டேன், ஷிப்ட் மட்டும் சேர்த்தேன். காது கேள்வியை "வேலையில பிரச்சனைன்னு சொன்னா சூப்பர்வைசர் அன்னிக்கே வந்து பாக்கறார்"னு மாத்திட்டேன்.

பத்தாவது படிச்ச ஒரு பொண்ணு உக்காந்து எல்லாத்தையும் ஒடியாவுல எழுதிக் கொடுத்துச்சு. ஃபாரம் போடற பெட்டியை வார்டன் ரூம் பக்கம் வைக்காம மெஸ்ல, தட்டு கழுவற இடத்துக்கிட்ட வெச்சிருக்கோம். நேத்து ராத்திரி வரைக்கும் 9 விழுந்திருக்கு. நீலம், கறுப்பு, ஒண்ணு பென்சில்.