புதுப்பிப்பு: 1880-க்குப் பிறகு காணாமல் போன ஒஹாயோ மூதாதை

என் மூதாதை ஒருவர் 1880 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கிறார். 1900-இல் மனைவி மட்டும், விதவையாக. இடையில் என்ன ஆனது என்று முன்பு கேட்டிருந்தேன். வழி கிடைத்துவிட்டது.

1890 கணக்கெடுப்பு 1921 தீவிபத்தோடு பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் அதே 1890-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களுக்கும் விதவைகளுக்கும் தனியாக எடுத்த பட்டியல் ஒஹாயோவுக்குத் தப்பியிருக்கிறது. உங்கள் மூதாதையும் அந்தப் போரில் சிப்பாயாக இருந்திருந்தால், அவருடைய ரெஜிமென்ட் (படைப்பிரிவு), கம்பெனி (அதன் உட்பிரிவு) இரண்டையும் அதிலிருந்து குறித்துக்கொண்டு, ஓய்வூதியக் கோப்புகளுக்கான அட்டவணையில் அவருடைய அட்டையைத் தேடுங்கள். பெயரை மட்டும் நம்பினால் அதே பெயருள்ள வேறொரு சிப்பாயிடம் போய் நிற்போம்.

அட்டையில் விதவையின் சான்றிதழ் எண் இருந்தால், வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்த எண்ணைச் சொல்லியே ஓய்வூதியக் கோப்பைக் கேளுங்கள். கணவரின் தாள்களும் பொதுவாக அதற்குள்தான் இருக்கும். திருமணச் சான்று, 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பிறந்த தேதி, சில கோப்புகளில் குடும்ப பைபிளிலிருந்து கிழித்த பக்கமே கிடைக்கும்.