பைத்தன் நிறுவாமலே ஓடும் ஒற்றைக் கோப்பு: வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. அக்கரைப்பற்றுப் பக்கத்து விவசாயச் சங்கங்களுக்காக, நெல் கொள்வனவுக் கணக்கைச் சரிபார்க்கும் கட்டளைவரி நிரல் (கட்டளைகளைத் தட்டச்சிட்டு இயக்குவது) ஒன்றைப் பைத்தன் நிரல்மொழியில் எழுதியிருக்கிறேன். அங்குள்ளவை விண்டோஸ் 7 கணினிகள். பலவற்றில் இணையமும் இல்லை. கணக்கெழுதும் அக்காமாரிடம் முதலில் பைத்தனை நிறுவச் சொல்வது நியாயமில்லை. பென்டிரைவில் கொடுத்தால் அப்படியே ஓட வேண்டும்.

பைத்தன் நிரல்களைப் பொதியாக்கும் பைஇன்ஸ்டாலர் என்ற கருவி அதை ஒற்றைக் கோப்பாகத் தருகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் தற்காலிகக் கோப்புறையில் தன்னை விரித்துக்கொண்டே தொடங்குவதால் மிகவும் மெதுவாக இருக்கிறது. விண்டோஸுக்கான கோப்பை என் லினக்ஸ் மடிக்கணினியில் உருவாக்கவும் அது இடம் தருவதில்லை. கோ (Go) என்ற வேறொரு நிரல்மொழியில் மாற்றி எழுதினால் அந்தத் தடை இல்லை. எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. ஆனால் விண்டோஸ் 7இல் ஓடும் கோவின் கடைசிப் பதிப்பு 1.20, அதற்கு இனித் திருத்தங்கள் வராது.

இணையமே தொடாத நிரலுக்கு அந்தப் பழைய பதிப்பு போதுமா? கல்முனை, மட்டக்களப்புப் பக்கம் கோ தெரிந்தவர்கள் யாராவது நிரலை ஒருமுறை பார்த்துச் சொல்வீர்களா? அறுவடைக்கு முன் கொடுத்தாக வேண்டும்.